இறக்கை தலைக்கு மேலே இருக்கவேண்டும்

திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளில் புவியியல் வாத்தியாராக இருந்தவன் நான். டோப்போ ஷீட் பாடம் வரும்போதெல்லாம் எங்கோ இருக்கும் ஒரு ஊரின் படத்தை விரித்து, சிவப்பு சாலை, நீலம் தண்ணீர், பழுப்பு வளைவுகள் சம உயரக் கோடு என்று சொல்லிக்கொடுப்பேன். "சார், நம்ம ஊரு படம் இல்லையா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான். இருக்கிறது. எண்கூடத் தெரியும்: 57 பி/12. திருவக்கரை அந்தத் தாளின் அடி ஓரத்தில், பன்னிரண்டாவது அட்சரேகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. ஆனால் கடலோரப் பட்டையின் விரிவான படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடைப்பட்டியலில் இருந்தன. 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் பொதுமக்களுக்கென்று தனி வரிசையில் படம் அச்சிடும் ஏற்பாடு நடந்தது. அதே ஆண்டு கூகுள் எர்த்தும் வந்து சேர்ந்தது. அதற்குள் அந்தக் கடைசி பெஞ்சுக்காரனே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பான்.

மேலேயிருந்து ஊரைப் பார்ப்பது என்றாலே அரசாங்கங்களுக்குச் சந்தேகம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 13-ஆம் விதி, விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்றது. பயணிகளுக்கு அதைத் தளர்த்தி 2004-இல் சுற்றறிக்கை வந்தது. 2020 செப்டம்பரில் ஒரு நடிகை வந்த விமானத்தில் பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்த பிறகு, பயணிகள் படம் எடுக்கலாமா கூடாதா என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வரைபடமும் கிடைக்காது, கேமராவும் கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில் சாதாரண ஆள் தன் ஊரை உயரத்திலிருந்து பார்க்கச் சட்டம் விட்டுவைத்த ஒரே இடம் விமானத்தின் ஜன்னல் சீட்தான். கண்ணை யாரும் வாசலில் வாங்கி வைக்கவில்லை. எந்த ஜன்னல் நல்ல ஜன்னல் என்ற கேள்வியை நான் சரித்திரக் கேள்வியாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஆசை விமானத்துக்கு மூத்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை அந்தக் கோட்டில் தொடங்கியது. குன்று இருக்கும் ஊரில் குன்றின்மேல் ஏறினார்கள். காவிரிச் சமவெளியில் ஏறக் குன்று இல்லாததால் கோபுரங்களின்மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற அளவைக் கருவியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. மேலிருந்து பார்க்க அவ்வளவு பாடு. எங்கள் ஊரைப் பற்றி எழுதியவர்கள் அந்த உயரம்கூட இல்லாமல் எழுதினார்கள். 1781-இல் இங்கே கல்லாகிப்போன மரங்களை, எங்கள் வாயில் கல்மரங்களை, கண்டு குறித்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா தரையில் நின்றுதான் பார்த்தார். 1860-களில் தென்னார்க்காட்டின் பாறைகளை வகைப்படுத்திக் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்த பிளான்ஃபோர்டும் தரைவழியாகத்தான் வந்துபோனார். கறுப்புப் பாறை எங்கே முடிகிறது, செம்மண் மேடு எங்கே தொடங்குகிறது என்று ஓடை ஓடையாகத் தேடிக் கோடு போட்ட மனிதர்கள். அந்தக் கோட்டை இன்று ஜன்னலிலிருந்து ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். சீட் சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் முதலில் பறந்தவர் ஒரு ஹோட்டல்காரர். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் 1910-இல் தானே வடிவமைத்த விமானத்தில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அது வேடிக்கை. காரியமாக வந்த விமானம் 1932 அக்டோபரில் வந்தது. 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துவந்தார். ஓட்டிவந்தது புஸ் மாத் என்ற சின்ன விமானம். அதன் படத்தைப் பாருங்கள்: இறக்கை கேபினுக்கு மேலே, கூரையோடு ஒட்டியிருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கும் தரைக்கும் நடுவே எதுவும் இல்லை. ஆனால் அந்த அருமையான இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்துவந்தவை தபால் மூட்டைகள்.

அதன் பிறகு பயணிகள் ஏறத் தொடங்கியதும் இறக்கை கீழே போய்விட்டது. போருக்குப் பின் இந்திய வானத்தில் எங்கும் ஓடிய டக்கோட்டாவுக்கு இறக்கை கீழே. நல்ல விஷயம், அது தாழப் பறந்தது. கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது, உயரே போனால் மூச்சு முட்டும். 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி மூட்டை மாற்றிக்கொண்டு திரும்பின. அதில் போனவர்களுக்கு இருட்டைத் தவிர வேறு காட்சி இல்லை.

ஜன்னலுக்குப் பொற்காலம் 1957-இல் வந்தது என்பேன். அந்த ஆண்டு இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய விக்கர்ஸ் வைகவுண்டில் ஜன்னல்கள் நீள்வட்டமாக, 26 அங்குல உயரமும் 19 அங்குல அகலமும் இருந்தன. இன்றைய ஏர்பஸ் ஜன்னல் உயரத்தில் அதில் பாதிதான் தேறும். 1961-இல் ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் வந்தது: பெரிய நீள்வட்ட ஜன்னலும் உண்டு, இறக்கையும் மறுபடி தலைக்கு மேலே. 1964-இல் வந்த காரவெல் ஜெட்டை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர்களின் மூளையை நான் மெச்சுகிறேன். ஜன்னலைச் சின்னதாக்கியே ஆகவேண்டும் என்ற நிலையில் அதை முனை மழுங்கிய முக்கோணமாக வெட்டினார்கள். அகலமான பக்கம் கீழே. மனிதன் ஜன்னல் வழியே பார்ப்பது வானத்தை அல்ல, தரையை என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். இஞ்சினையும் வாலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஜன்னலைச் சின்னதாக்க வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. உயரே போகப் போக உள்ளிருக்கும் காற்று உடற்கூட்டை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஒவ்வொரு துளையும் ஒரு பலவீனம். 1954-இல் இரண்டு காமெட் ஜெட்கள் நடுவானில் பிளந்த பிறகு ஓர் உடற்கூட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அழுத்தம் ஏற்றி ஏற்றிச் சோதித்தார்கள். வெட்டுத் துளைகளின் மூலைகளில் உலோகம் களைத்து விரிசல் விட்டது தெரியவந்தது. அதிலிருந்து மூலைகளை வளைத்தார்கள். உயிர் பெரிது, காட்சி அப்புறம். அதில் தகராறு இல்லை. ஆனால் இறக்கையைக் கீழே வைத்ததற்கும் 35,000 அடியில் பறப்பதற்கும் அந்த நியாயம் பொருந்தாது. அது வேகமும் எண்ணெய்ச் செலவும் சம்பந்தப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் ஊர் வரவில்லை.

எண்பதுகளில் ஒரு சின்ன இடைவேளை. 1981-இல் சிறு நகரங்களுக்கென்று வாயுதூத் தொடங்கினார்கள். அவர்கள் ஓட்டிய டோர்னியர் 228-க்கு 19 சீட். நடுவில் நடைபாதை, இந்தப் பக்கம் ஒரு சீட், அந்தப் பக்கம் ஒரு சீட். ஏறுகிற அத்தனை பேருக்கும் ஜன்னல்! இறக்கையோ மேலே. சென்னையிலிருந்து நெய்வேலிக்கு அது போய்வந்தது. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் திண்டிவனத்துக்கும் கடலுக்கும் இடையில் இறங்கி வானூர்ப் பக்கம் போகும். வலது கை ஜன்னலில் திருவக்கரை. சுரங்கத்து இஞ்சினியர்கள்தான் அதில் அதிகம் போயிருப்பார்கள். அவர்கள் தோண்டிய பழுப்பு நிலக்கரியும் எங்கள் கல்மரங்களும் ஒரே கடலூர் மணற்கல் அடுக்கைச் சேர்ந்தவை. ஒன்று மக்கிக் கரியானது, மற்றது மணலில் புதைந்து கல்லானது. வாயுதூத் தொண்ணூறுகளில் மறைந்தது.

அப்புறம் ஜெட் ராஜ்ஜியம். ஏர்பஸ் 320-இல் நடுப்பகுதி வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கையின் வெள்ளைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே மதுரை போய்ச் சேரலாம். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தரை தெரியும், ஆனால் இஞ்சின் விடும் சூட்டில் காட்சி நெளியும். முன்வரிசைதான் சுத்தம். அங்கேயும் ஒரு கண்டம் இருக்கிறது. எங்கள் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் ராஜகோபுரமும் கொடிமரமும் நந்தியும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் விலகி விலகி நிற்கும். விமானத்து சீட்டும் ஜன்னலும் அப்படித்தான். ஜன்னல்களுக்கு இடையிலான தூரம் உடற்கூட்டின் விலா எலும்புகளைப் பொறுத்தது, சுமார் 21 அங்குலம். சீட்டுகளுக்கு இடையிலான தூரம் கம்பெனியின் விருப்பம், 28, 29, 30 அங்குலம். இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காசு கொடுத்து ஜன்னல் வாங்கியவர் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு பக்கத்து வரிசைக்காரரின் ஜன்னலை எட்டிப்பார்ப்பது அதனால்தான். போயிங் 737-இல் இறக்கைக்கு முன்னே இடப்பக்கம் ஜன்னலே இல்லாத ஜன்னல் சீட் உண்டு. உள்ளே குளிர்காற்றுக் குழாய் போகிறது. எங்கள் கோயிலில் இருக்கும் வக்கிரகாளிக்குக்கூட அத்தனை வக்கிரம் கிடையாது.

இடம் பிடிக்கும் வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்த பரம்பரை நாங்கள். 2003-இல் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் சீட் எண் இல்லாமல் ஆட்களை ஏற்றியபோது நாடு முழுக்க அந்தப் பழக்கம் ஓடுபாதைக்கு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டியவரும் டை கட்டியவரும் ஒன்றாக ஓடினார்கள். பலருக்கு அது அவமானமாகப் பட்டது. எனக்கு என்னவோ அதுதான் நியாயமாகத் தெரிகிறது: பார்க்க ஆசைப்பட்டவன் ஓடினான், பார்த்தான். ஓட்டம் பிறகு நின்றது. 2013-இல் விருப்ப சீட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்க அனுமதி வந்ததும் விலை வந்தது. சரி, வாங்கியவர்களாவது பார்க்கிறார்களா? முக்கால்வாசிப் பேர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு நல்ல காலம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இருக்கிறது. அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது போதாது. சுழலி வைத்த விமானங்கள்தான் வர முடியும். அவற்றின் சுழலி தரையில் இடிக்காமல் இருக்க இறக்கையை உயரே வைக்கிறார்கள். 2013-இல் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு ஓட்டிய க்யூ400 அப்படிப்பட்டது. நின்றது, 2017-இல் ஹைதராபாத்துக்கென்று வந்தது, அதுவும் நின்றது. 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ பெங்களூர், ஹைதராபாத் இரண்டுக்கும் ஏடிஆர் 72 விடத் தொடங்கியது. 78 சீட், பக்கத்துக்கு இரண்டு. இறக்கை, புஸ் மாத் மாதிரியே, தலைக்கு மேலே. ஓடுபாதை குட்டையாக இருக்கும் ஒரே காரணத்தால் தமிழ்நாட்டின் நல்ல ஜன்னல்களில் ஒன்று எங்களுக்கு வாய்த்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போக மருமகள்தான் டிக்கெட் போட்டாள். "மாமா, ஜன்னலுக்குத் தனியாக் காசு கேக்கறான். எது போடட்டும்?"

"இடது பக்கம்மா. ஏ. பின்னாடி வரிசையாப் பாரு."

"முன்னாடி இருக்கே மாமா, சீக்கிரம் எறங்கலாம்."

"ஏடிஆர்ல கதவே பின்னாடிதான். நடுவுல உக்காந்தா இஞ்சினும் சக்கரமும் மறைக்கும். பின்னாடியே போடு."

இடது பக்கம் என்று ஏன் சொன்னேன்? லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு நேர்க்கோடு போட்டால் அது வடமேற்கே சாய்ந்து, எங்கள் ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்காகப் போகும். விமானி எப்போதும் கோட்டின்மேல் போவார் என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்குக்கு அது போதும். ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கடலைப் பார்த்து ஏறித் திரும்பும். திருப்பத்தில் உள்பக்கம் சாயும் ஜன்னலுக்குத் தரை, வெளிப்பக்கத்துக்கு வானம். மேற்கே பார்த்து ஏறினால் வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். இடது கைக்காரர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நேரானதும் முதலில் ஊசுட்டேரி. அப்புறம் சங்கராபரணி, எங்கள் வாயில் வராக நதி, மணல் அள்ளியது போக மிச்சமிருக்கும் வெளிறிய கோடாக வளைந்து வரும்.

சூரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் உட்காராதே, கண் கூசும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மண்ணின் நிறம் பார்க்க வேண்டுமானால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். தண்ணீர் பார்க்க வேண்டுமானால் சூரியன் இருக்கும் பக்கம்தான். சாய்ந்த வெயில் நீரில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும்போது, பகலில் தட்டுப்படாத குட்டைகூடப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நான் போனது மாலை விமானம், மழைக்காலம் முடிந்த கையோடு. சூரியன் முன்பக்கம் இடது கைக்கு இருந்தது. ஏரிகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. நிலம் கிழக்கே சரிவதால் இந்தப் பக்கத்து ஏரிகளுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கில்தான், வில்லாக வளைந்து. அந்த வளைவைப் பார்த்தே எது கிழக்கு என்று சொல்லிவிடலாம். மேல் ஏரியின் கலங்கல் கீழ் ஏரிக்குப் போகும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டிய சங்கிலி, கீழே தானாக வரைந்து கிடந்தது.

திருவக்கரையைக் கண்டுபிடிக்க நான் கோபுரத்தைத் தேடவில்லை. வீடூர் அணையின் நீர்ப்பரப்பு பெரிது. அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு கிழக்கே வந்தால் ஊர். ஆனால் என் கண்ணை முதலில் இழுத்தவை கல்குவாரிகள். சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஒவ்வொரு தண்ணீரிலும் வெயில். சுற்றிலும் கிரஷர் தூசி படிந்து சாம்பல் பூத்த நிலம். ஜல்லி லாரி ஓடும் சாலை வெள்ளையாக. தரையில் ஒவ்வொரு குவாரியாகப் பார்த்தபோது இத்தனை என்று நான் நினைத்ததில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஊரைவிடக் குவாரி பெரிது. அந்தச் சாம்பல் நிலம் முடிகிற இடத்தில் செம்மண் மேடு. பிளான்ஃபோர்டு தேடித் தேடிப் போட்ட கோடு. அந்த மேட்டில்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940 முதல் காத்துவரும் 247 ஏக்கர் கல்மரப் பூங்கா. கல்மரங்கள் தெரியவில்லை. முள்காடுதான் தெரிந்தது. பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கிளையும் வேரும் போய் அடிமரமாகப் புதைந்தவை அவை. கடுக்காய், மருது இனத்துக்கு உறவான மரங்களும் அதில் உண்டு. இருநூறு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வெள்ளத்தின் மணல்தான் இந்தச் செம்மேடு. முன் சீட்டுக்காரர் திரையை இறக்கிவிட்டார். பின் சீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்கப் பயந்து தூங்குவது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திருவண்ணாமலை, அதுவும் இடது பக்கமே, சமவெளியில் தனியாக. செஞ்சிக் கோட்டை பார்க்க விரும்புகிறவர்கள் வலது பக்கம் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே ஜன்னலில் கிடைக்காது. பெங்களூரிலிருந்து வரும்போது எல்லாம் தலைகீழ், எஃப் சீட்.

லாஸ்பேட்டை ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள், எங்கள் விழுப்புரம் மாவட்டத்து நிலம் வேண்டும். நீட்டினால் ஏர்பஸ் வரும், டெல்லிக்கும் பம்பாய்க்கும் நேராகப் போகலாம், ஊருக்கு நல்லது என்கிறார்கள். இருக்கட்டும். ஏர்பஸ் வந்தால் இறக்கை கீழே போய்விடும் என்பதை யாரும் மனுவில் எழுதப்போவதில்லை. அதனால் ஹைதராபாத் போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்த விமானம் வடக்கே போகும். வலது பக்கம் எடுங்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவேலி ஏரி கீழே வரும், அதையடுத்து மரக்காணம் உப்பளம் கட்டம் கட்டமாக. தை மாதத்தில் போனால் கழுவேலியில் தண்ணீர் இருக்கும்.